மலைப்பாதையின் மூன்றாம் துண்டு

அந்தக் கோப்புக்கு எங்கள் வீட்டுக் கணினியில் 'ஹாரன் புதுசு கடைசி' என்று பெயர். அதைச் செய்தவர் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஒன்றைத் தேட வேண்டுமென்றால் முதலில் அதன் பெயர் தெரிய வேண்டும் என்ற சின்ன விஷயம் அந்த வாரம்தான் எனக்கு உறைத்தது.

ஹாரன் என் அண்ணன். லாரி ஓட்டிய காலத்தில் முன்னால் போகிறவன் கொட்டாவி விட்டாலும் ஹாரன் அடிப்பானாம். டிப்போவில் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. ரேடியோ, மீசை, தூங்குமூஞ்சி என்று அவர்களுக்கும் ஆளுக்கொரு பெயர் உண்டு. வாரம் முழுக்க லாரி ஓட்டும் இந்த மனிதர்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரவர் வீட்டில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, இணையத்தில் ஒன்றுகூடி, ஒரு விளையாட்டில் மறுபடியும் லாரிதான் ஓட்டுவார்கள். ஒரே சாலையில் நான்கு வண்டிகள் வரிசையாகப் போகும். முதல் வண்டி எப்போதும் அண்ணனுடையது.

விளையாட்டோடு கூடவே வரும் சாலைகள் சமதரையில் கோடு கிழித்தாற்போலக் கிடக்கும். சம்பளத்துக்கும் இந்த ரோடு, சந்தோஷத்துக்கும் இதே ரோடா என்று ரேடியோ அலுத்துக்கொண்டபோதுதான் யாரோ ஒருவர் பென் டிரைவில் அந்த மலைப்பாதையைக் கொண்டுவந்தாராம். விளையாட்டைத் தயாரித்த நிறுவனம் செய்ததல்ல அது. எங்கோ ஒரு ரசிகர் பொழுதுபோக்காகச் செய்து, விளையாட்டுக்குள் சேர்த்துக்கொள்ளும்படி இலவசமாகக் கொடுத்தது. மோட் என்பார்கள். டிப்போவில் கைமாறும்போதெல்லாம் ஒவ்வொருவரும் தனக்குப் புரிகிற மாதிரி ஒரு பெயர் வைத்துக்கொண்டதில், உண்மையான பெயர் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. கொண்டுவந்தவரும் வேலையை விட்டுப் போய்விட்டார்.

பிறகு ஒருநாள் விளையாட்டு தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அதிலிருந்து மலைப்பாதையைத் திறந்தால் திரை கறுத்து, ஒரு பிழைச் செய்தி வந்து, எல்லாம் மூடிக்கொண்டது. நான்கு பேருக்கும் அதே கதி. பழைய பதிப்புக்கே எல்லோரும் திரும்பிவிடலாம் என்று அண்ணன் சொன்னான். புதிய பதிப்பில் ரேடியோவுக்கு ஆசைப்பட்ட வண்டி கிடைத்திருந்ததால் அவர் அசையவில்லை. வேறு மலை பார்க்கலாம் என்றால், புதுமலை ஏறிப் பழகும் நேரத்துக்கு டாங்கி ஓட்டிப் பழகிவிடலாம் என்றார். அவருடைய மைத்துனன் ஒரு டாங்கிச் சண்டை விளையாட்டைக் காட்டியிருந்தானாம். வருகிற ஞாயிறுவரை பார்ப்பது, அதற்குள் மலை வராவிட்டால் எல்லோரும் டாங்கிக்கு மாறிவிடுவது என்று அவர்களுடைய போன் குழுவில் முடிவாகியது. அண்ணன் கட்டைவிரல் உயர்த்திய படத்தைப் பதிலாக அனுப்பினான்.

அந்தப் படத்தை அவன் இடது கையால்தான் அனுப்பினான். அதுதான் விஷயம்.

போன வருடம் லாரியின் பின்பெட்டியை மாட்டும்போது அவனுடைய வலது கை இடையில் சிக்கியது. விரல்கள் இருக்கின்றன, ஆனால் எதையும் பிடிக்காது. டம்ளரைக்கூட இடது கையால்தான் தூக்குவான். இனி பிடிப்பு வராது என்று டாக்டர் சொன்னபோது நானும் அண்ணியும் பக்கத்தில் நின்றோம். நண்பர்களிடம் மட்டும் கை பழையபடி ஆகிவிட்டது, ஓய்வுக்காகத்தான் வீட்டில் இருக்கிறேன், சீக்கிரம் வந்துவிடுவேன் என்று சொல்லிவைத்திருந்தான். அவர்கள் பார்க்க வருகிறோம் என்றால் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பான். லாரி விளையாட்டில் அந்தப் பொய் செல்லுபடியானது. மேசையில் பொருத்திய ஸ்டியரிங்கில் ஒரு குமிழ் இருக்கிறது. அதை இடது உள்ளங்கையால் பிடித்துச் சுழற்றினால் போதும், கியர் தானாக விழும். டாங்கிச் சண்டையில் ஒரு கை நகர்த்த வேண்டும், ஒரு கை குறிபார்க்க வேண்டும். முதல் நிமிடத்திலேயே தெரிந்துபோகும்.

ஆகவே அந்த மலையைக் கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் கோப்பின் உள்ளே பார்த்தேன். செய்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள்தான் இருந்தன. என் கணினிக்குத் தெரியாத ஏதோ ஓர் எழுத்து. கட்டங்களை அப்படியே நகலெடுத்துத் தேடினேன். உலகத்தில் கட்டங்களைப் பற்றி எழுதிய எல்லோரும் வந்தார்கள், அவர் வரவில்லை. லாரி விளையாட்டுக்காரர்கள் கூடிப் பேசும் ஒரு தளத்தில், அந்த மலைப்பாதையில் வருவதாக அண்ணன் சொன்ன தண்ணீர்த் தொட்டியையும் உடைந்த பாலத்தையும் விவரித்துக் கேட்டேன். ஒருவர் பதில் போட்டார். அந்த மலை தெரியும், அதைச் செய்தவர் புதிய பதிப்புக்கும் திருத்தி வெளியிட்டார், பிறகு யாரோடோ சண்டை போட்டுக்கொண்டு தன் பக்கத்தையே மூடிவிட்டுப் போய்விட்டார், காப்பகத்தில் சிலர் ஏற்றிவைத்திருப்பார்கள், தேடிப் பாருங்கள். மலைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். அவர் அதற்குப் பிறகு அந்தத் தளத்துக்கு வரவே இல்லை.

யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஏற்றிவைக்கக்கூடிய பெரிய இணையக் காப்பகம் அது. அதுவரை நான் பழைய நாவல்களுக்காக மட்டும்தான் அங்கே போயிருந்தேன். நாவல்களுக்கு ஆசிரியர் இருப்பார், அட்டை இருக்கும். மோட்களின் பகுதி, வீடு மாற்றுகிறவர்கள் மூட்டை மூட்டையாகக் கட்டித் தெருவில் இறக்கிவிட்டு, எந்த மூட்டையில் என்ன இருக்கிறது என்று எழுத மறந்துவிட்டுப் போனதுபோல இருந்தது. லாரி, மலை, வரைபடம் என்று தட்டினால் முதலில் வந்தது ஒரு லாரி எஞ்சினைப் பழுதுபார்க்கும் கையேடு. அண்ணன் அதை ஆசையோடு புரட்ட ஆரம்பித்துவிட்டான். அடுத்து ஒருவர் 'எல்லா மோட்களும்' என்று ஒரு மூட்டையை ஏற்றியிருந்தார். அவரே 'எல்லா மோட்களும், இந்தமுறை நிஜமாகவே' என்று இன்னொன்றையும் ஏற்றியிருந்தார். கீழே ஒருவர் 'வேலை செய்கிறது, நன்றி' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர் 'வேலை செய்யவில்லை, நன்றி' என்று எழுதியிருந்தார்.

படங்களைப் பார்த்துத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை. நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றி வைத்து, இது தெளிவா அது தெளிவா என்று கேட்பது என் தொழில். வேலை முடிந்து வந்து சாயங்காலத்தில் அண்ணனிடமும் அதையே கேட்டேன். இந்த மலையா, அந்த மலையா? அவன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, இதில் தொட்டி வலது பக்கம் இருக்கிறது, அதில் மரங்கள் ரொம்பப் பச்சை, இன்னொன்றில் சாலையின் ஓரக்கோடு புதிதாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தள்ளினான். ஒரு மலையை மட்டும் தரவிறக்கச் சொன்னான். அது இறங்கி முடிய ஒரு மாலை முழுவதும் போனது. திறந்து கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

"இது ஃபோட்டோ எடுக்கப் போறவங்க மலை. லோடு ஏத்தினவன் இந்த வளைவுல திரும்பவே முடியாது."

அவனுக்கு நிஜ மலையைப் பற்றி எவ்வளவு தெரியுமோ, அவ்வளவு எனக்கு எரிச்சல் வந்தது. பொய்யான லாரிக்குப் பொய்யான மலை, அதில் எந்தப் பொய் சரி என்று இவன் பார்க்கிறான். அதைச் சொல்லியும்விட்டேன். அவன் எழுந்து போய்ப் பால்கனியில் நின்றான். கீழே தெருவில் ஒரு சரக்கு வேன் பின்னால் எடுக்கத் திணறிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டுநருக்குக் கேட்காது என்று தெரிந்தும், இடது பக்கம் ஒடி, ஒடி என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் கடையில் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் போனிலேயே அது கண்ணில் பட்டது. பெயர் ஏதோ எண்களாக இருந்தது. ஒரே ஒரு மங்கலான படம். இடது பக்கம் நீலத் தண்ணீர்த் தொட்டி, கொஞ்சம் சாய்ந்து நின்றது. அண்ணனுக்கு அனுப்பினேன். அவன் பதில் எழுதவில்லை, கூப்பிட்டான். மூச்சுவிடும் சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு, இதுதான், இதேதான், அந்தத் தொட்டிக்கு அடுத்துத்தான் ஏற்றமே ஆரம்பிக்கும் என்றான். கடையில் ஒரு பெரியவர் தன் கண்ணாடிக்காகக் காத்திருந்தார். நான் சிரித்ததைப் பார்த்து, தன் கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வேறு சட்டம் கேட்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மலையை நான்கு துண்டாக வெட்டிப்போட்டிருந்தார்கள். கோப்பு பெரிதாக இருந்தால் அப்படிப் பிரித்து ஏற்றுவது வழக்கம்தான். எல்லாத் துண்டுகளையும் ஒரே இடத்தில் வைத்தால்தான் அது விரியும். ஒன்று இருந்தது, இரண்டு இருந்தது, நான்கு இருந்தது. மூன்று இல்லை. இருந்தவற்றையாவது இறக்குவோம் என்றால், ஒவ்வொன்றும் முக்கால்வாசி வந்து நின்றுகொண்டது. தொடரச் சொன்னால் முதலிலிருந்து தொடங்கியது. பக்கத்து வீட்டில் யாரோ படம் பார்க்க ஆரம்பித்தால் எங்கள் இணைப்பு ஊர்ந்தது. அண்ணன் ஒவ்வொரு முறையும் திரையில் நகரும் அந்தப் பச்சைக் கோட்டுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தான், தள்ளிவிட்டால் நகரும் என்பதுபோல.

அண்ணி மருந்துக் கடையில் வேலை முடிந்து வந்தாள். பையைக்கூட இறக்காமல் எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"கல்யாணத்தப்போகூட இவர் என்னை இப்படிப் பாத்ததில்ல."

நான் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. மூன்றாம் துண்டு இல்லை என்று சொன்னேன். அண்ணி பையை இறக்கிவிட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அந்த மூன்று பேரும் மூன்றாம் மனிதர்களா என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றி வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள்தானே, கை சரியில்லை என்று சொன்னால் கூடுதலாக ஒருநாள் வருத்தப்படுவார்கள், அவ்வளவுதான் என்றாள்.

"மலை ஏறினா ஏறுங்க, எறங்கினா எறங்குங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பொய்ய பின்னாடி கட்டி இழுத்துட்டு ஏறுறீங்களே, அதுதான் எனக்குப் பிடிக்கல."

"சொன்னா என்னை முன்னாடி விடமாட்டாங்க," என்றான் அண்ணன். "பாவம்னு பின்னாடி வருவாங்க. இல்லன்னா வேணும்னே மெதுவா ஓட்டுவாங்க. அது எனக்கு வேணாம்."

அண்ணி பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் திரைக்குத் திரும்பி மூன்றாம் துண்டைத் தேடினேன்.

ஞாயிறு காலையில் அது கிடைத்தது. வேறொருவர், வேறொரு மூட்டையில், பேருந்துகளின் ஹாரன் சத்தங்களுக்கு நடுவே அதை மட்டும் தனியாக ஏற்றியிருந்தார். ஏன் அதை மட்டும் ஏற்றினார் என்று கேட்க ஆளில்லை. எல்லாம் இறங்கி முடிந்ததும் நான்கையும் சேர்த்தேன். கடவுச்சொல் கேட்டது. 'கடவுச்சொல் எங்கள் தளத்தின் பெயர்' என்று விளக்கத்தில் இருந்தது. எந்தத் தளம் என்று இல்லை. கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு கருத்தாகப் படித்தேன். கடவுச்சொல் என்ன, கடவுச்சொல் என்ன என்று பல மொழிகளில் பலர் அழுதிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு புண்ணியவான் அதை எழுதியிருந்தார், எழுதிவிட்டுத் திட்டியும் இருந்தார். தட்டினேன். விரிந்தது.

அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். திரை கறுக்கவில்லை. பிழைச் செய்தி வரவில்லை. எஞ்சின் சத்தம் கேட்டதும் அண்ணி ஈரக்கையோடு வந்து கதவில் சாய்ந்துகொண்டாள். குமிழில் உள்ளங்கையை வைத்துச் சுழற்றினான். பெட்ரோல் பங்க், உடைந்த பாலம், அதற்கப்பால் சாய்ந்த நீலத் தொட்டி. ஏற்றம் ஆரம்பித்தது. அவன் தோள்கள் வண்டியோடு சேர்ந்து சாய்ந்தன. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவனை அப்படிப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. இந்த வளைவுக்கு அடுத்து ஒரு பள்ளத்தாக்கு வரும் பார், நீ ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே என்று என்னிடம் சொன்னான்.

வளைவு திரும்பியது. அங்கே சாலை முடிந்திருந்தது. தடுப்போ, பலகையோ எதுவும் இல்லை. தார் ஓரிடத்தில் கத்தியால் வெட்டியதுபோல நின்றது, அதற்கப்பால் சாம்பல் நிறம் மட்டும். மலையும் இல்லை, வானமும் இல்லை. வண்டி அந்தச் சாம்பலுக்குள் மூக்கைக் கவிழ்த்து விழுந்தது. அடி இல்லாததால் விழுந்துகொண்டே இருந்தது. சக்கரங்கள் சுற்றின, வேகமானியின் முள் ஏறிக்கொண்டே போனது.

எங்களுக்குக் கிடைத்தது அந்த மனிதர் முடிக்காத மலை. சோதித்துப் பார்ப்பதற்காக யாருக்கோ கொடுத்த பாதி வேலை. அண்ணன் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தான். நான்தான் விளையாட்டை மூடினேன். மேசையை ஓங்கிக் குத்த வேண்டும்போல இருந்தது. எவனோ பெயர் எழுதாமல் ஏற்றியதற்கு, எவனோ சண்டை போட்டுக்கொண்டு மூடியதற்கு, ஒரு வாரத்து மாலைகளுக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குத்தினேன். எனக்குத்தான் வலித்தது.

மாலையில் குழு அழைப்பு வந்தது. அண்ணன் ஒலிபெருக்கியில் போட்டான். ரேடியோ பேசிக்கொண்டேதான் உள்ளே வந்தார். மலை கிடைத்ததா என்று கேட்டார், பதிலுக்குக் காத்திருக்காமல் டாங்கியின் பெருமைகளைச் சொல்ல ஆரம்பித்தார். எல்லோருக்கும் மைத்துனன் இடம் பிடித்துவைத்திருக்கிறானாம், ஹாரனுக்குப் பெரிய பீரங்கி வைத்த வண்டியாம். தூங்குமூஞ்சி கொட்டாவி விட்டார். மீசை, ஹாரன் ஏன் பேசவில்லை என்று கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கையை விரித்தேன். இன்னொரு வாரம் கேள் என்று வாயசைத்தேன். அவன் தலையை ஆட்டினான்.

"டாங்கிக்கு ரெண்டு கை வேணும்டா," என்றான். "எனக்கு ஒண்ணுதான் இருக்கு."

ரேடியோ ஏதோ சொல்லவந்து நிறுத்தினார். அவர் நிறுத்தி நான் கேட்டது அதுதான் முதல்முறை. அண்ணன் தொடர்ந்தான். கட்டுப் பிரித்த அன்றே தெரியும் என்றான், பிடிப்பு வராது, வண்டிக்குத் திரும்ப முடியாது, டிப்போவுக்கும் வரமாட்டேன். வரிசையாக, சரக்குப் பட்டியல் வாசிப்பதுபோலச் சொன்னான்.

"உன் வண்டி சீட்ட எவனையும் நகர்த்த விடாம வச்சிருக்கேன்டா," என்றார் மீசை. "புதுசா வர்றவன் ஒவ்வொருத்தன்கூடவும் சண்டை."

"நகர்த்திக்கச் சொல்லு."

அண்ணி கதவோரத்திலிருந்து உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் மட்டும் கேட்டது. அப்போது தூங்குமூஞ்சி, அரைத் தூக்கத்தில் கணக்குப் போடுகிறவரைப்போல இழுத்துக் கேட்டார்.

"அப்போ இத்தனை மாசமா எங்களை ஒத்தக் கையாலயா முந்திட்டு இருந்தே?"

"ஆமா."

"த்தூ. வெளிய சொல்லிடாதீங்கடா."

அதற்குப் பிறகு மூவரும் ஒரே நேரத்தில் திட்ட ஆரம்பித்தார்கள். பொய் சொன்னதற்குத் திட்டினார்கள், ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றிக் காவல் இருந்ததைச் சொல்லித் திட்டினார்கள். மீசை நாளைக்கே வீட்டுக்கு வருகிறேன் என்றார், அண்ணன் வேண்டாம் என்றான், உன்னைக் கேட்கவில்லை என்றார். ரேடியோ மட்டும் டாங்கியை விட மனசில்லாமல், ஒரு கைக்கும் ஏதாவது வண்டி இருக்குமா என்று மைத்துனனிடம் கேட்டுப்பார்ப்பதாகச் சொன்னார். மீசை அவரை வாயை மூடச் சொன்னார்.

கடைசியில் எல்லோரும் அந்தச் சமதரைச் சாலைக்கே போனார்கள், புலம்பிக்கொண்டே. வளைவு இல்லை, ஏற்றம் இல்லை, இருபுறமும் ஒரே மாதிரி வயல்கள். அண்ணன் முன்னால் போனான். பின்னால் மூன்று வண்டிகளும் முறையாக இடைவெளி விட்டு, முறையாக மெதுவாக வந்தன. அவன் பயந்தது அதுதான். வேகத்தைக் கூட்டினான், அவர்கள் கூட்டவில்லை. அவன் முகம் சுருங்குவதை நான் பார்த்தேன். இரண்டு முறை திரையில் வண்டியின் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தான்.

"டேய், சவ ஊர்வலமாடா நடத்துறீங்க?" என்றான். "எவனாவது முந்துங்க."

முந்துகிறேன் என்று ரேடியோதான் கிளம்பினார். எதற்கோ திடீரென்று தானும் ஒரு கையால் ஓட்டிப் பார்க்கிறேன் என்று அறிவித்தார். அவருடைய ஆசைப் புதுவண்டி நேர்ச்சாலையில் பாம்புபோல நெளிந்து, அண்ணனின் பின்பெட்டியை உரசி, இருவரையும் வயலுக்குள் தள்ளியது. அண்ணனின் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. நான் பயந்து அவனைப் பார்த்தேன்.

அவன் நிஜமாகவே கோபமாக இருந்தான். பரிதாபத்துக்கு எதிரான கோபம் அல்ல அது, சாலையில் ஓர் ஓட்டுநருக்கு இன்னோர் ஓட்டுநர் மேல் வருகிற சுத்தமான கோபம். கழுத்து நரம்பு புடைக்க, இண்டிகேட்டர் போடத் தெரியாதவனுக்கெல்லாம் யார் லைசன்ஸ் கொடுத்தது என்று கத்தினான். ரேடியோ பதிலுக்குக் கத்தினார். வயலில் கவிழ்ந்த வண்டிகளுக்குள் இருந்தபடியே யார் மேல் தப்பு என்று இருவரும் சண்டை போட்டார்கள். தூங்குமூஞ்சி தப்பு அண்ணன் பேரில்தான் என்று தீர்ப்புச் சொன்னார். அண்ணன் அவரையும் விடவில்லை.

நான் எழுந்து என் அறைக்குப் போக நினைத்தேன். வயிறு காய்ந்திருந்தது, கை வலித்தது. அதற்குள் போனில் மீசையிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தங்கச்சி, மலையை நானும் தேடுகிறேன், இதுவா பார் என்று ஒரு சுட்டி. திறந்தேன். காப்பகத்தில் யாரோ ஏற்றியிருந்த ஒரு டிராக்டர். அடுத்த சுட்டி வந்தது, அது ஒரு ரயில். அதற்கடுத்தது தூங்குமூஞ்சியிடமிருந்து. பெயர் இல்லை, படம் இல்லை, ஏழு துண்டுகள்.